ஆடிக்கு முன் ஒரு வேட்டை: பார்க்லி ஈஸ்ட் நாட்குறிப்பு

ஜூலை 9, செவ்வாய். பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பனுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே குளிர்காலம் என்றால் காலையில் ஒரு ஸ்வெட்டர் போதும், பத்து மணிக்கு அதையும் கழற்றிவிடலாம். கடல் பக்கத்தில் இருப்பதால் குளிர் ஊருக்குள் ஏறுவதில்லை. அதனால் போன மாதம் கோயிலில் வைத்து அங்கிள், "தம்பி, ஆடிக்கு முந்தி மலைக்கு வேட்டைக்குப் போறோம், நீயும் வர்றியா?" என்று கேட்டதும் சரி என்றுவிட்டேன். விருதுநகர் வெயிலில் வளர்ந்த எனக்குப் பனி என்றால் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டிய காட்சி, அவ்வளவுதான் அப்போது தெரியும்.

அங்கிள் எனக்கு உறவு இல்லை. இங்கே பிறந்த தமிழர்களில் மூத்தவர்கள் எல்லாருமே அங்கிள், ஆண்ட்டிதான். அவருக்கு 68 வயது. இந்த ஊர் ஷூ ஃபாக்டரி ஒன்றில் 34 வருஷம் வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஷூ ஃபாக்டரிகள் நிறைய. அவற்றில் நம் ஆட்கள் ஏராளம். வெளிநாட்டிலிருந்து மலிவான செருப்பும் ஷூவும் வந்து குவிந்ததும் ஒவ்வொன்றாக மூடினார்கள். அங்கிள் தோல் வெட்டும் பிரிவில் இருந்தார். அந்த வேலை செய்கிறவரை இங்கே கிளிக்கர் என்பார்கள்.

ஏன் ஆடிக்கு முன்னால் என்று கேட்டேன். அடுத்த வாரம் ஆடி பிறந்துவிட்டால் வீட்டில் கவுச்சி கிடையாது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மாதம். இங்குள்ள தமிழர்கள் அதை 'பாரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள், ஆனால் கூழும் வேப்பிலையும் நம் ஊரில் பார்த்த அதேதான். இன்று செவ்வாய் என்பதால் ஆண்ட்டி பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்திருந்தார். காய்ந்த மிளகாயைத் தாராளமாகக் கிள்ளிப் போட்ட தாளிப்பு. ஐந்து தலைமுறை கடந்து வந்த கைப்பக்குவம்.

சாப்பிட்டதும் அங்கிள் என் பூட்ஸைக் காட்டச் சொன்னார். டர்பனில் 2,400 ராண்ட் கொடுத்து வாங்கியது. தண்ணீர் புகாது, உள்ளே கம்பளி மாதிரி பஞ்சு வைத்தது. இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் போட்டு மாட்டிக் காட்டினேன். பெருவிரல் பக்கம் அழுத்திப் பார்த்தார், பின்பக்கம் ஒரு விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. "ஒரு சாக்ஸைக் கழட்டிடு" என்றார். குளிருக்குத்தானே இரண்டு என்றேன். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

ராத்திரி காலாற நடந்து ரயில் நிலையம் வரை போய்வந்தேன். 1893 ஜூன் 7ஆம் தேதி காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது இங்கேதான். அன்றைக்கு அடித்த குளிரையும், ஓவர்கோட் பெட்டிக்குள் இருந்தும் அதைக் கேட்க மனம் வராமல் நடுங்கியதையும் அவரே எழுதியிருக்கிறார். டர்பனிலிருந்து 80 கிலோமீட்டர்தான், ஆனால் இங்கே மூச்சு விட்டால் புகை தெரிகிறது.

ஜூலை 10, புதன். சாலையில்

விடியும் முன் கிளம்பி இருட்டிய பிறகு சேர்ந்தோம். வண்டி அங்கிளின் அக்கா மகனுடையது. பின்னால் திறந்த பெட்டி உள்ள வண்டியை இங்கே எல்லாரும் பக்கி என்கிறார்கள். மருமகனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அங்கிள் தமிழில் கேட்பார், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். 'மாமா' மட்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் வரும்.

ரிச்மண்ட், இக்சோபோ, கோக்ஸ்டட். வழிநெடுக ஆண்ட்டி கட்டிக்கொடுத்த ரொட்டி. உள்ளே டின் மீன் குழம்பை வற்றவைத்துத் தடவிச் சுருட்டியது. ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ. கோக்ஸ்டட்டில் பெட்ரோல் போட்ட இடத்தில் மட்டன் பை 32 ராண்ட், சூடாக இருந்தது என்பதைத் தவிர வேறு ருசி இல்லை. மட்டடியலேக்கு அப்புறம் சாலையில் குழிகள். சில இடங்களில் சாலையை விட்டு மண்ணில் இறங்கிப் போவதே மேல். குதிரை மேல் போகிற ஆட்கள் பசோத்தோ மக்களின் தடித்த போர்வையைத் தோளில் போர்த்தி முன்னால் பின் குத்தியிருந்தார்கள். எல்லார் காலிலும் ரப்பர் கம்பூட். ஒருவர் காலில்கூட என்னுடையது மாதிரி பூட்ஸ் பார்க்கவில்லை.

எலியட் தாண்டி பார்க்லி கணவாய் ஏறும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பாறைச் சுவர்கள் மஞ்சளாக நின்றன. மேலே ஏறி முடித்ததும் போன வாரம் விழுந்த பனி மலை முதுகுகளில் வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிப்போய்க் கையில் எடுத்தேன். உப்பு மாதிரி கரகரப்பு. மருமகன் போட்டோ எடுத்தான். அங்கிள் வண்டியிலேயே உட்கார்ந்து, "ஷூவில அப்பின பனியைத் தட்டிட்டு ஏறு தம்பி, உள்ளே உருகும்" என்றார்.

பார்க்லி ஈஸ்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் தங்கிய பண்ணை அதற்கும் மேலே, மண் சாலையில் முக்கால் மணி நேரம். ஆட்டுப் பண்ணை. ஆளுக்கு ஓர் இரவுக்கு 450 ராண்ட். பண்ணைக்காரர் அங்கிளை 'ஊம்' என்று கூப்பிட்டார். ஆஃப்ரிகான்ஸில் மாமா, பெரியவர் என்று அர்த்தம். அவர் மனைவி கெட்டியான காபியும் ரஸ்க்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் படுக்கைக்குள் வெந்நீர்ப் பைகளை நுழைத்துவிட்டுப் போனார். கேட்காமலே செய்தார்.

ஜூலை 11, வியாழன். மலை மேல்

இந்த நாளைத்தான் நான் மறக்கப் போவதில்லை.

நாலரை மணிக்கு எழுந்தோம். வராந்தாவில் தொங்கிய வெப்பமானியில் மைனஸ் 7. நாய்க்கு வைத்த தண்ணீர் தட்டோடு உறைந்திருந்தது. இரண்டு ஜோடி சாக்ஸ், அதற்கு மேல் பூட்ஸ், கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டினேன். கால் கதகதப்பாக இருந்தது.

வேட்டைக்காரர்கள் குளிர்காலத்தையே தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஈ இல்லை, இறைச்சி சீக்கிரம் ஆறும், பில்டாங் என்கிற உப்புக்கண்டம் கெடாமல் காயும். நாங்கள் தேடிப்போனது பிளெஸ்போக். ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்கே உரிய மான். முகத்தில் நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைப் பட்டை. வெயில் வந்ததும் மேய்வதற்கு மேட்டுச் சமவெளிக்கு வரும். அதற்குள் நாம் மேலே போய்ப் பாறை மறைவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் ஏற்றம். அங்கிள் மெல்ல நடந்தார், ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வேகமாக ஏறினேன். பாதி வழியிலேயே சாக்ஸ் வியர்த்துப் பிசுபிசுத்தது. நம் இரண்டு பாதங்களிலும் சேர்த்து இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருப்பதாகச் சொல்வார்கள். அன்று அத்தனையும் திறந்துகொண்டன. அப்புறம் ஓடை. கரையோரம் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. கல் என்று நினைத்து இடது காலை வைத்தேன். அது உடைந்து முழங்காலுக்குக் கீழே வரை தண்ணீருக்குள் போனது. பூட்ஸ் வழியாகத் தண்ணீர் வராது, சரிதான், ஆனால் மேல் வாய் வழியாக உள்ளே போன தண்ணீர் அங்கேயே தங்கிவிட்டது. கவிழ்த்துக் கொட்டிவிட்டு நடந்தேன். நடக்கிற வரை ஒன்றும் தெரியவில்லை.

மேலே போய்ப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தபோது ஏழு மணி. பத்து நிமிஷத்தில் விரல்கள் வலிக்க ஆரம்பித்தன. அரை மணியில் பல்லைக் கடித்துக்கொள்கிற வலி. பேசக்கூடாது, அசையக்கூடாது என்பதால் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் வலி நின்றுவிட்டது. கால் குளிருக்குப் பழகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தது.

எட்டு மணி சுமாருக்கு அங்கிள் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "விரலை ஆட்டு" என்று உதடசைவில் சொன்னார். ஆட்டினேன். ஆடியதா என்று எனக்குத் தெரியவில்லை. எப்படி எனக்குத் தெரியாமல் போகும் என்று அப்போதுதான் பயம் வந்தது.

அவர் துப்பாக்கியை மருமகனிடம் கொடுத்துவிட்டு என் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு உறைந்திருந்தது. கத்தியால் அறுத்தார். சாக்ஸை உரித்ததும் பார்த்தேன், இடது கால் விரல்களில் மூன்று மெழுகுவத்தி நிறத்தில் இருந்தன. நகத்துக்குக் கீழேகூட ரத்த நிறம் இல்லை. நான் கையை வைத்துத் தேய்க்கப் போனேன். "தேய்க்காதே, தோல் கிழியும்" என்று கையைத் தட்டிவிட்டார்.

பிறகு அவர் செய்ததை எழுதும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது. ஜாக்கெட் ஜிப்பைத் திறந்தார், ஸ்வெட்டரையும் சட்டையையும் மேலே தூக்கினார், என் இரண்டு கால்களையும் எடுத்துத் தன் வெறும் வயிற்றின் மேல் வைத்து அழுத்தி, சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். அவர் உடம்பு ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. நான் காலை இழுத்துக்கொண்டேன். பெரியவர் மேல் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவன் நான். அவர் கணுக்காலைப் பிடித்து மறுபடியும் வைத்துக்கொண்டார். "கால் என்னடா, கை என்னடா. குளிர்ந்துபோன உடம்பு, அவ்வளவுதான். பேசாம இரு."

இருபது நிமிஷம் அப்படியே இருந்தோம். அந்த நேரம் பார்த்து பிளெஸ்போக் கூட்டம் வந்தது. பதினாலு, பதினைந்து இருக்கும். இருநூறு மீட்டருக்குள் வந்து, வெள்ளை முகங்களைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, மேய ஆரம்பித்தன. மருமகன் துப்பாக்கியைக் காட்டி மாமாவைப் பார்த்தான். அங்கிள் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். ரத்தம் திரும்பி ஓடத் தொடங்கியதும் மிளகாயை அரைத்துப் பூசிய எரிச்சல். நான் முனகிவிட்டேன். மான்கள் போய்விட்டன.

கீழே இறங்கும்போது அவருடைய மாற்றுச் சாக்ஸை எனக்குப் போட்டு, அதற்கு மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ஈரப் பூட்ஸுக்குள் காலை விட்டார். சாக்ஸ் கடைசி வரை நனையவில்லை.

பண்ணைக்கு வந்து வெதுவெதுப்பான நீரில் கால் வைத்தோம். அடுப்புப் பக்கம் காலை நீட்டவே விடவில்லை. மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும் என்றார். விரல்கள் சிவந்து வீங்கின, நிறம் வந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விருப்பமில்லை. உறையாத குளிரிலேயே ஈரத்தில் கிடந்த கால் அழுகும். முதல் உலகப்போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்ற சிப்பாய்களுக்கு அதுதான் நடந்தது. பாதத்தில் திமிங்கல எண்ணெய் தேய்க்கவும், தினமும் சாக்ஸ் மாற்றவும் ராணுவமே உத்தரவு போட்டது.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு பூட்ஸை எடுத்துப்போய்ச் சமையலறையில் கரி அடுப்பை ஒட்டி வைத்தேன். காலைக்குள் காய்ந்துவிடும் என்று.

ஜூலை 12, வெள்ளி. பண்ணையும் ஊரும்

காய்ந்துதான் இருந்தது. இடது பூட்ஸின் அடிப்பாகம் விரல் பக்கத்திலிருந்து பாதி வரை பிரிந்து வாய் பிளந்து கிடந்தது. மேல் தோல் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

அங்கிள் கோபப்படவில்லை. கையில் எடுத்து மடக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். தோல் என்பது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த உடம்பு, சூடு பட்டால் சுருங்கும், எண்ணெய் வற்றினால் வெடிக்கும். பசையில் ஒட்டிய அடிப்பாகம் சூட்டில் இளகிவிடும். நூலால் தைத்த பூட்ஸாக இருந்தால் தாங்கியிருக்கும் என்று சொல்லி, வெல்ட்ஸ்கூன் என்கிற தன் பழைய தோல் ஷூவைக் கழற்றிக் காட்டினார். மேல் தோலை வெளிப்பக்கமாக மடித்து அடியோடு சேர்த்துச் சுற்றிலும் தைத்திருந்தது. 22 வருஷமாகப் போடுகிறாராம். ஈரமான பூட்ஸுக்குள் பேப்பரைக் கசக்கித் திணித்து நிழலில் வைக்க வேண்டும், இரண்டு மணிக்கு ஒரு தடவை பேப்பரை மாற்ற வேண்டும், வேறு வழியே கிடையாது என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் துப்பாக்கியைத் தொடமாட்டார், இறைச்சியும் சாப்பிடமாட்டார். அதனால் ஊருக்குப் போனோம். விவசாயிகள் சாமான் வாங்கும் கடையில் கம்பூட் 229 ராண்ட். என் அளவு எட்டு. எங்களோடு வந்திருந்த பண்ணைத் தொழிலாளி ஒன்பதாம் நம்பரை எடுத்துக் கையில் கொடுத்தார். கோசா பேசுகிறவர், குளிர்காலம் முழுக்க ஆட்டுக்குப் பின்னால் நடப்பவர். கால் விரல்கள் உள்ளே நடனமாட வேண்டும் என்று செய்து காட்டினார். அவர் அங்கிளை 'டாட்டா' என்றுதான் கூப்பிடுகிறார். கோசாவில் அப்பா என்று அர்த்தம், மரியாதைக்குப் பெரியவர்களையும் அப்படி அழைப்பார்கள். அங்கிளுக்கு அது தாத்தா என்றுதான் காதில் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் முகம் மலர்ந்து 'என்னப்பா' என்கிறார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் சாக்ஸ். கடைக்கார அம்மா பருத்தியைத் தொடவே விடவில்லை. மோஹேர் சாக்ஸ் ஜோடி 165 ராண்ட், இரண்டு ஜோடி. அங்கோரா ஆட்டின் முடி. உலகத்து மோஹேரில் பாதி அளவு தென்னாப்பிரிக்காவில் விளைகிறது, அதில் பெரும்பகுதி இந்த ஈஸ்டர்ன் கேப் மாகாணம்தான். 1838இல் துருக்கியிலிருந்து 12 கிடாவும் ஒரு பெட்டையும் கப்பலில் வந்தன. இனம் வெளியே போகக்கூடாது என்று கிடாக்களை மலடாக்கி அனுப்பியிருந்தார்கள். ஆனால் பெட்டை சினையாக இருந்தது, வழியிலேயே ஒரு கிடாக்குட்டி போட்டது. அந்த ஒரு குட்டியிலிருந்து கிளம்பிய கதையை அந்த அம்மா, நேற்று தன் வீட்டில் நடந்த மாதிரி சொன்னார்.

கம்பளியும் மோஹேரும் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தும் கையில் ஈரமாகத் தெரியாது. பருத்தி குடித்த நீரைப் பாதத்தோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். நீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நேற்று என் இரண்டு ஜோடி சாக்ஸும் அந்த வேலையைத்தான் செய்திருக்கின்றன. போதாததற்கு இறுக்கி, வருகிற ரத்தத்தையும் தடுத்தன.

மதியம் பண்ணைக்கார அம்மா வெள்ளிக்கிழமை விஷயம் தெரிந்து, இடித்த சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்ததைப் பரிமாறினார். உமின்குஷோ என்று பெயர். கூடவே பூசணிக்காய்ப் பணியாரம். அங்கிள் பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். பண்ணைக்காரர் முழு ஸ்பூன் எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வர வர முடித்தார்.

பிற்பகல் அங்கிள் பண்ணைக் கொட்டகையில் உட்கார்ந்து, கம்பூட்டுக்குள் பாதத்துக்கு அடியில் போட எனக்கு உள்ளடி செய்தார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் தரையில் நியூஸ்பேப்பரை விரித்து, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். உட்கார்ந்திருக்கும்போது அளவெடுத்தால் தப்பு, பாதம் எடை விழுந்ததும் விரியும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிலும் வரைந்தார். வீங்கிய விரல்கள் பக்கம் மட்டும் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். பண்ணைக்காரர் கொடுத்த செம்மறித் தோல், முடி இரண்டு விரல் கனம். அதைக் கவிழ்த்துத் தோல் பக்கம் பேப்பரை வைத்துக் கோடு இழுத்தார். அப்புறம் தன் கத்தியை எடுத்தார். ஃபாக்டரிக் கத்தி, நுனி வளைந்தது, பிடி கறுத்து அவர் கை ரேகைக்கே குழிந்திருந்தது. தோலை மேஜையில் வைக்கவில்லை. இடது கையில் அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, நுனியால் தோலை மட்டும் கீறிக்கொண்டே போனார். முடி ஒன்றுகூட அறுபடவில்லை. இரண்டு பக்கமும் இழுத்ததும் முடி தானாக விலகிப் பாதம் தனியாக வந்தது. மேஜையில் வைத்துக் கத்தரித்தால் ஓரத்து முடியெல்லாம் குட்டையாகும், அந்த ஓரம் வழியாகத்தான் குளிர் ஏறும் என்றார். 34 வருஷம் செய்த கை. ஃபாக்டரி மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் கத்தியைக் கூர்தீட்டி வைத்திருக்கிறார்.

வேலை செய்துகொண்டே ஒரு விஷயம் சொன்னார். காந்தியின் நண்பர் காலன்பாக், டர்பனுக்குப் பக்கத்தில் மரியன்ஹில் மடத்துத் துறவிகளிடம் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்திக்குச் சொல்லிக்கொடுத்தார். காந்தி தன் கையால் செய்த ஜோடி ஒன்றை, தன்னைச் சிறையில் போட்ட அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுக்கே கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல வருஷம் போட்டுவிட்டு 1939இல் திருப்பி அனுப்பினார். அங்கிளுக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. "பத்து, இருபது வருஷம் தாங்கியிருக்கு பாரு. தையல் அப்படி."

ஜூலை 13, சனி. மறுபடியும் மலை

மைனஸ் 6. இந்தத் தடவை அங்கிள் சொன்னபடிதான் எல்லாம்.

ஏறும்போது மெல்லிய ஒற்றைச் சாக்ஸ், கம்பூட். உள்ளடி இரண்டும், மோஹேர் சாக்ஸும் என் சட்டைக்குள் நெஞ்சோடு. ஜாக்கெட் தோளில். குளிர்ந்தால் குளிரட்டும், வியர்க்கக்கூடாது, பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஓடையில் மருமகன் கை கொடுத்தான். மேலே போய் உட்கார்ந்ததும் முதல் வேலை, கம்பூட்டைக் கழற்றி, காலைத் துண்டால் விரலிடுக்கு வரை துடைத்து, ஈரச் சாக்ஸைப் பையில் போட்டு, நெஞ்சுச் சூட்டில் இருந்த மோஹேரை மாட்டினேன். உள்ளடியைக் கம்பூட்டுக்குள் முடி மேலே பார்க்க நுழைத்தேன். கால் உள்ளே போனபோது தூங்கிக்கொண்டிருந்த ஆட்டுக்குட்டி மேல் கால் வைத்த மாதிரி இருந்தது. அப்புறம் தலைக்குக் கம்பளித் தொப்பி, வயிற்றுக்கு ஒரு ரொட்டி. உடம்பு நடுவில் சூடு குறைந்தால் முதலில் கைகாலுக்குப் போகிற ரத்தத்தைத்தான் நிறுத்தும். மருமகன் சிகரெட் எடுத்ததும் அங்கிள் பிடுங்கிவிட்டார். புகை ரத்தக் குழாயைச் சுருக்கும்.

இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தோம். கால் சுடச்சுட இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து விரலும் தனித்தனியாக இருப்பது தெரிந்தது.

எதிர்ச் சரிவில் சாம்பல் நிறத்தில் ஐந்தாறு மான்கள் வால் அடியில் வெள்ளை தெரியத் துள்ளி ஓடின. ரீபாக். முயல் மாதிரி மொசுமொசு முடி. உலகம் முழுக்க விற்கிற ஷூவுக்குப் பெயர் கொடுத்தது இந்த மான்தான். இப்போது எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதால் அங்கிள் அதைச் சுடுவதில்லை, பண்ணைக்காரரும் விடுவதில்லை. பைனாகுலரில் மறைகிற வரை பார்த்தோம்.

பிளெஸ்போக் எட்டரைக்கு வந்தன. அங்கிள் ரொம்ப நேரம் காத்திருந்து, தனியாக விலகி நின்ற ஒன்றைச் சுட்டார். ஒரே குண்டு. போய்ப் பார்த்தபோது உயிர் போயிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றார், கழுத்தில் கை வைத்தார். மற்ற வேலையை மருமகனும் பண்ணைத் தொழிலாளியும் பார்த்தார்கள். வயிற்றைத் திறந்ததும் ஆவி பறந்தது. மானுக்கான கட்டணம் 2,200 ராண்ட்.

கீழே வந்ததும் நான் அங்கிளின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். வியாழக்கிழமையிலிருந்து செய்ய நினைத்தது. அவர் தோளைப் பிடித்து எழுப்பி, "சாக்ஸ் ஈரமா, காய்ஞ்சிருக்கா?" என்று கேட்டார். காய்ந்திருந்தது.

ஜூலை 14, ஞாயிறு. வீடு

ஞாயிற்றுக்கிழமை இந்தப் பண்ணையில் துப்பாக்கிச் சத்தம் கூடாது. அவர்கள் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள், நாங்கள் சாலைக்கு. பண்ணைக்கார அம்மா வழிக்கு ஆட்டுச் சாப்ஸ் வறுத்து, நாலு பேர் சாப்பிடுகிற அளவு கட்டிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஊறுகாய் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

இறைச்சி பண்ணையிலேயே இருக்கிறது. பில்டாங்காகக் காய்ந்த பிறகு ஆடி முடிந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. வினிகர், உப்பு, மிளகு, வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதை இவை அவர்கள் வழக்கம். அதோடு ஆண்ட்டியின் மிளகாய்த்தூள் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அங்கிள் ஒரு தாளில் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

இடது கால் விரல்கள் இன்னும் குறுகுறுக்கின்றன. குளிர்ந்த தரையில் வைத்தால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காட்டிய டாக்டர், சில வாரம் இப்படி இருக்கும், இனி எப்போதுமே மற்ற விரல்களைவிடச் சீக்கிரம் குளிரும், கவனமாக இருங்கள் என்றார்.

அங்கிள் வீட்டிலிருந்து கிளம்பும்போது பிரிந்த பூட்ஸைக் குப்பையில் போட எடுத்தேன். அங்கிள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடிப்பாகத்தைப் பிடுங்கிவிட்டு வேறு போட்டு, சுற்றிலும் தைத்துவிடலாம், தோலுக்கு எண்ணெய் ஊறவைக்க வேண்டும், அவசரப்பட்டால் வராது என்றார். தன் வீட்டுக் கொட்டகை அலமாரியில் கத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஆவணி பொறந்ததும் வா தம்பி. பில்டாங்கும் வந்திருக்கும், பூட்ஸும் ஆயிருக்கும். வரும்போது ஒரு சாக்ஸ் போட்டுட்டு வா, அதை வச்சுத்தான் அளவு பார்க்கணும்."